வார்டு மாற்றம்

"மறுபடியும் மாத்திட்டாளா?" என்றாள் கோர்டானா.

வெரிட்சா சுவரைக் காட்டினாள். நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் புது மாத டியூட்டி சார்ட் ஒட்டியிருந்தது. வெரிட்சாவின் பெயருக்கு நேரே, மனநல வார்டு.

சர்ஜரி வார்டில் நிம்மதியாக இருந்தவள் அவள். நர்சிங் டிகிரியை அஞ்சல் வழியில் படித்து முடித்தாள், பிடித்தது சனி. ஹெட் நர்ஸ் நெவென்கா அவளைக் குழந்தைகள் வார்டில் தூக்கிப் போட்டாள். அங்கே பழகியதும் பிரசவ வார்டு. அப்புறம் அவர்கள் ஊரான பிரோட்டின் மலைப் பனியில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கட்டுப் போடும் வேலை. இப்போது இது.

"எல்லாம் வயித்தெரிச்சல்டி. அவளும் ஒரு காலத்துல கரஸ்ல படிச்சிட்டு ஜெர்மனி போக முட்டி மோதினவதான். கிடைக்கல. நீ போயிடுவியோன்னு பொறுக்கல."

"நீயும் என்கூடத்தானே படிச்ச? உன்னை மட்டும் விட்டு வச்சிருக்காளே."

"என்னையும் மாத்தத்தான் பார்த்தா. நேரா டைரக்டர் ரூமுக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். அதோட விட்டுட்டா. உனக்குத்தான் அழக்கூடத் தெரியல."

அழத் தெரியாமல் இல்லை. சண்டை போட்டால் அனுபவச் சான்றிதழில் கை வைத்துவிடுவார்களோ என்று பயம். அவள் கணவன் லூபன் ஜெர்மனியில் கட்டட வேலையில் இருந்தான். ஒப்பந்த வேலை, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நர்ஸ் என்று இவளுக்கு விசா கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழே இருக்கலாம். மகள் மிலாவுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருப்பவர்.

மனசு கேட்கவில்லை. வராந்தாவில் நெவென்காவை நிறுத்தினாள்.

"சிஸ்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கரஸ்ல படிச்சவதானே நீ? ஊசி போடறதையும் தபால்லயே கத்துக்கிட்டியா? போ, போய் வேலையப் பாரு."

வராந்தா முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கமாக வந்த டைரக்டர் சிரித்துக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகள் ஜெர்மனிக்குப் பறந்துவிட்டார்கள். அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. போக நினைப்பவளை யாராவது மட்டம் தட்டினால் அவருக்கு அன்றைக்குக் காபி இனிக்கும்.

வசந்தத்தில் வெரிட்சாவுக்கும் கோர்டானாவுக்கும் தலைநகர் பெல்கிரேடில் ஜெர்மனி வேலைக்கான நேர்காணல் வந்தது. வெரிட்சா வாசற்படி இறங்கும்போது அவள் அம்மா பின்னாலேயே வந்து ஒரு டம்ளர் தண்ணீரைப் படியில் ஊற்றினாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி காரியம் தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று எல்லாப் பரீட்சைக்கும் ஊற்றியவள்தான்.

ஜெர்மன் அதிகாரி தன்மையாகத்தான் பேசினாள்.

"தொலைதூரப் படிப்பில் தவறில்லை. ஆனால் அதில் செய்முறைப் பயிற்சி போதாது. அதை வேலை அனுபவத்தில் ஈடுகட்டியிருக்க வேண்டும். சர்ஜரி பார்த்திருக்கிறீர்கள். குழந்தைகள் வார்டு?"

"பார்த்திருக்கேன்."

"பிரசவம்?"

"பார்த்திருக்கேன்."

"வீட்டுக்குப் போய்ச் செய்யும் பராமரிப்பு? மனநலம்?"

நெவென்கா அவளை மாற்றிப் போட்ட அதே வரிசை. வெரிட்சா தலையை ஆட்டினாள்.

கோர்டானாவிடமும் இதையேதான் கேட்டார்கள். அவளுக்குச் சொல்ல சர்ஜரியைத் தவிர வேறெதுவும் இல்லை. இன்னும் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வெரிட்சாவுக்கு விசா வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைசி நாள். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் கேக்கும் ஜூஸும் கொடுத்துவிட்டு, ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு வெரிட்சா ஹெட் நர்ஸ் அறைக்குப் போனாள்.

"தெரிஞ்சேதானே சிஸ்டர் மாத்தினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். உன் குரல் ஒண்ணும் சின்னக் குரல் இல்ல." நெவென்கா கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா நீ கோர்டானா கிட்ட சொல்லுவ. அவ டைரக்டர் கிட்ட சொல்லுவா. ஜெர்மனிக்கு ஆள் தயார் பண்றேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் சார்ட்டையே கிழிச்சிருப்பாரு. தண்டனைன்னு போட்டா இங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"அதுக்காக நீங்க கெட்ட பேர் வாங்கணுமா?"

"ஏற்கெனவே இருந்த பேருதான். புதுசா என்ன. கிளம்பு, பஸ் போயிடும்."

வெரிட்சா ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கினாள். பின்னால் சளக்கென்று சத்தம். திரும்பிப் பார்த்தாள். படி நனைந்து தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருந்தது. மேலே நெவென்கா காலி டம்ளரோடு நின்றாள்.

வெரிட்சா அழுதேவிட்டாள்.

"நீங்க ஜெர்மனி இன்டர்வியூக்குக் கிளம்பினப்போ உங்களுக்கு யாரும் இப்படி ஊத்தலையா சிஸ்டர்?"

"ஊத்தாம என்ன? எங்க ஹெட் நர்ஸே ஊத்தினாங்க. தங்கமான மனுஷி. என் மேல ரொம்பப் பாசம். வேற வார்டுக்குப் போனா நான் கஷ்டப்படுவேன்னு, கடைசி வரைக்கும் என்னை சர்ஜரியிலயே வச்சிருந்தாங்க."