கூச்சம் கழிக்கும் அண்டா

“மை நேம் இஸ்…” வரைக்கும் அகரனுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

காரைக்காலில் அந்தக் கல்யாண மண்டபம் அன்று நிரம்பி வழிந்தது. முகூர்த்தம் ஒன்றும் இல்லை, ஸ்போக்கன் இங்கிலீஷ் இலவச அறிமுக வகுப்பு. பின்வரிசையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“சொல்லுங்க தம்பி, பயப்படாதீங்க” என்றார் முன்வரிசையில் இருந்த சித்திக்கா. அடுத்த மாதம் பிள்ளைகளோடு கணவரிடம் துபாய்க்குப் போகிறவர். அங்கே பள்ளிக்கூடத்து டீச்சரிடம் என்ன பேசுவது என்ற கவலையில் வந்திருந்தார். சிரித்தவர்களைக்கூட அகரன் தாங்கிக்கொண்டான், இவருடைய பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

“மை… நேம்… அகரன். ஐ… ஐ கம்மிங்… குரும்பகரம்.”

“போதும் தம்பி” என்று மைக்கை வாங்கிக்கொண்டார் திருஞானசம்பந்தம். வகுப்பின் நிறுவனர், முதல்வர், ஆசிரியர் எல்லாம் அவரே. சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

“பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல நமக்கு இங்கிலீஷை ஊட்டிவிட்டிருக்காங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு. கூச்சம்தான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கு. நான் நெனச்சா இப்பவே இங்கிலீஷ்ல கடகடன்னு பேசிடலாம். பேசுனா நீங்க மிரண்டு ஓடிடுவீங்க. அதனாலதான் தமிழ்லயே பேசுறேன்.”

சபை நெகிழ்ந்துபோனது. இவ்வளவு தெரிந்தும் எவ்வளவு அடக்கம் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

“இந்தத் தம்பிக்கு எத்தனை நாளாவும் சார்?” என்று எழுந்தார் மாரிக்கண்ணு. மண்டபத்தூரில் படகு வைத்திருப்பவர். பெங்களூரில் பிறந்த பேரன் இங்கிலீஷைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்பதால், கொஞ்சுவதற்காகவே கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

“பத்து நிமிஷம்” என்றார் திருஞானசம்பந்தம். “திருநள்ளாறு வர்றவங்க என்ன பண்றாங்க? குளத்துல முழுக்குப் போட்டு, பழைய துணியோட சனியையும் விட்டுட்டுப் போறாங்க. அதே மாதிரி கூச்சத்தை இங்க விட்டுட்டுப் போங்க.”

மேடை ஓரத்தில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. மண்டபத்துச் சாம்பார் அண்டாதான், மேலே மஞ்சளைப் பூசியதும் தீர்த்தமாகிவிட்டது. அவர் அகரனின் தலையில் இரண்டு செம்பு ஊற்றி, பழைய சட்டையைக் கழற்றி அண்டாவில் போடச் சொல்லி, புதுச் சட்டையும் டையும் மாட்டிவரத் திரைக்குப் பின்னால் அனுப்பினார்.

தலையைத் துவட்டும்போது அகரனுக்கு மாமாவின் உரக்கடைதான் கண்முன் நின்றது. காலையிலேயே மாமா சொல்லிவிட்டார்: “படிச்சுக் கிழிச்சதெல்லாம் போதும். இன்னைக்கும் ஒண்ணும் ஆவலன்னா நாளையிலேருந்து மூட்டை தூக்க வந்துடு.” குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, டையை இறுக்கிக்கொண்டு மேடையேறினான்.

வாயைத் திறந்தான். குரும்பகரத்து வயலைப் பற்றி, அம்மாவைப் பற்றி, நாலு பேர் முன்னால் நின்று பட்ட அவமானத்தைப் பற்றி இங்கிலீஷ் மடை திறந்த மாதிரி கொட்டியது. பின்வரிசைப் பையன்கள் திறந்த வாயை மூடவில்லை. சித்திக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? பெயர் கொடுக்கும் மேசையைக் கூட்டம் மொய்த்துக்கொண்டது. மாரிக்கண்ணு அங்கேயே சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

அகரன் அண்டாவிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி திரைக்குப் பின்னால் போய்ப் பிழிந்தான். மூட்டை தூக்குவதிலிருந்து தப்பித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தது. சித்திக்காவின் கலங்கிய கண் ஞாபகம் வந்ததும் அந்த நிம்மதி கொஞ்சம் கசந்தது.

“சார், எங்க மச்சான் துபாய்லேந்து லைன்ல இருக்காங்க.” திரைக்கு அந்தப் பக்கம் அவர் குரலேதான். கணவரைத்தான் மச்சான் என்றார். “அந்தத் தம்பி பேசுனதை வீடியோ எடுத்து அனுப்புனேன். மச்சானோட மேனேஜர் வெள்ளைக்காரரு, பார்த்துட்டு அசந்துட்டாராம். அங்க வேலை பாக்குற நம்மூரு ஆளுங்களுக்கெல்லாம் நீங்க கிளாஸ் எடுக்கணுமாம். உங்ககிட்டயே பேசணும்ங்கிறாரு, இந்தாங்க.”

“இப்பவா?”

“ஸ்பீக்கர்ல போடுங்க சார்” என்றார் மாரிக்கண்ணு. “உங்க இங்கிலீஷையும் ஒரு தடவை காது குளிரக் கேட்டுக்குறோம். யாரும் மிரண்டு ஓட மாட்டோம்.”

கூட்டம் மேடையை நெருங்கி வந்தது.

“டவர் சரியா கிடைக்கல” என்றபடி, சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து திரைக்குள் நுழைந்தார் திருஞானசம்பந்தம். நுழைந்ததும் அந்தச் சிரிப்பைக் காணோம். அண்டாவில் விழுந்து எழுந்தவர் மாதிரி கோட்டெல்லாம் வியர்வை. போனைக் கையால் பொத்தி அகரனிடம் திணித்தார்.

“எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சவன் நீதானப்பா, நீயே பேசு. எனக்கு ஏபிசிடியோட சரி.”