குளிர் அறைக்கு ஆள் தேவை

"ஆறே மாசத்துல இந்தக் கம்பெனியை இழுத்து மூடிருவாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதானே?"

இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று அப்துல் ஹாதி எதிர்பார்க்கவில்லை. கேட்டவள் ஜஸீலா. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சகாயவினோத்துக்குப் புரையேறியது.

ஜஸீலாவும் அவனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பாம்பனில் பிடிபடும் மீனை அன்றைக்கே மதுரை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனியைக் கூட்டாக நடத்துகிறார்கள். மீன்களை வைக்கும் குளிர் அறைக்கு ஒரு சூப்பர்வைசர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் அப்துல் ஹாதிதான் மூத்தவர். வெளியே காத்திருந்த மற்றவர்களுக்கு மீசையே இப்போதுதான் அரும்பியிருந்தது.

"ஆமா, சொன்னேன்" என்றார். மழுப்பி வேலை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. "சவூதியில தம்மாம்ல இருந்தப்ப, போன் பண்ண ஆளுககிட்ட எல்லாம் சொன்னேன். இஞ்சினியரிங் படிச்சிட்டு மீன் விக்கிறதான்னு கேலி பண்ணேன்."

"இப்ப?"

"இப்ப உங்க வண்டி தினமும் மதுரைக்கு ஓடுது. நான் சொன்னது பலிக்கல. நல்லவேளை."

சகாயவினோத் சிரித்துவிட்டான். ஜஸீலா சிரிக்கவில்லை.

'அங்கன போயி உங்க அதிகாரத்தைக் காட்டாதீங்க, பதனமா பேசுங்க' என்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே மனைவி உம்மு ஹபீபா எச்சரித்து அனுப்பியிருந்தாள். தம்மாமில் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர் கிடங்கு முழுக்க அவர் பொறுப்பில்தான் இருந்தது. எத்தனையோ பையன்களை இன்டர்வியூ செய்து வேலைக்கு எடுத்தவர் அவர். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்வது புதிதாக இருந்தது.

"அங்கன நல்ல வேலை சார். இருங்கன்னு அவங்களே கேட்டும் ஏன் வந்துட்டீங்க?" என்று சகாயவினோத் கேட்டான்.

"எங்கத்தா தோணியில கொழும்புக்குச் சரக்கு ஏத்திப் போனவரு. நானும் தோணிதான் ஏறணும்னு நின்னாரு. நான் பிளேன்ல ஏறிட்டேன். அடுத்து வந்த நீங்க என்னடான்னா ரெண்டுலயும் ஏற மாட்டோம், இங்கனயே பொழைச்சுக் காட்டுறோம்ங்குறீங்க. மொதல்ல எனக்கு அது பிடிபடல."

"இப்பப் பிடிபட்டிருச்சா?" ஜஸீலா கேட்டாள்.

"பாதி. மீதியை வேலைக்கு வந்து தெரிஞ்சுக்கிறேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"குளிர் அறை நிறைய சீலா மீன். மெஷின் நின்னு போச்சு. என்ன செய்வீங்க?"

"சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போடுவேன்."

"இது தம்மாம் இல்ல. அவங்க ராமநாதபுரத்துல இருந்து கிளம்பி வர்றதுக்குள்ள மீன் கெட்டுப் போயிரும்."

அப்துல் ஹாதிக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதான். சற்று யோசித்தார்.

"கதவைத் திறக்க விடமாட்டேன். பக்கத்து ஐஸ் பிளாண்ட்டுக்கு ஆள் அனுப்பி ஐஸை உடைச்சுக் கொண்டாரச் சொல்வேன். வந்ததும் பெட்டி பெட்டியா அடுக்கி மூடிருவேன். அதுக்கு அப்புறந்தான் போன்."

"மொதல்லயே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

ஜஸீலா சகாயவினோத்தைப் பார்த்தாள். அவன் வேகமாகத் தலையாட்டினான். அவள் திருப்தி அடைந்த மாதிரி தெரியவில்லை.

"கடைசிக் கேள்வி. இங்கன எல்லாரும் உங்களை விடச் சின்னவங்க. எல்லார் முன்னாடியும் வச்சு, 'நீங்க செஞ்சது தப்பு, திரும்பச் செய்யுங்க'ன்னு நான் சொல்வேன். தாங்கிக்குவீங்களா?"

அவருக்கு முகம் சூடானது. இந்த வயதில் அப்படி ஒரு பேச்சைக் கேட்கத்தான் வேண்டுமா? எழுந்து போய்விட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஓய்வாக வீட்டில் இருக்கலாம், தொழுகைக்குப் போகலாம், வரலாம். ஆனால் ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் கால் வீட்டில் தங்கவில்லை. மீன் வண்டி கிளம்பும் நேரத்துக்கு எப்படியாவது பாம்பன் பக்கம் வந்து நின்றுவிடுகிறார். இந்தப் பிள்ளைகளின் வேகத்தைத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது போதும் என்றுதான் விண்ணப்பமே போட்டார்.

"கோவம் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் நிமிர்ந்து. "ஆனா வண்டி கிளம்புனதுக்கு அப்புறந்தான் கோவப்படுவேன்."

முதல்முறையாக ஜஸீலாவின் உதடு லேசாக விரிந்தது.

"மூணு மாசம் பார்ப்போம். சரியா வரலைன்னா நிறுத்திருவேன். நாளைக்குக் காலையில வந்துருங்க."

"சரி மேடம்."

எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். தம்மாமில் முதல் வேலை கிடைத்த அன்றுகூட நெஞ்சு இப்படி நிமிரவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினார். ஜஸீலா நாற்காலியை விட்டு எழுந்து, அவர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான் உங்க பொண்ணுன்னு இங்கன யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க, அத்தா. சிபாரிசுல வேலை வாங்கிட்டீங்கன்னு பேசிருவாங்க!"