குடியிருப்பு மட்டும்

"இது ஊடுங்களா, பாலர் பள்ளிங்களா?"

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த கோபாலசாமி, விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

ராமாமணியின் இடுப்பில் ஒரு குழந்தை. இன்னொன்று அவள் சேலைக் கொசுவத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் மேலும் ஏழு.

"ஊடுதானுங்க. பகல்ல மட்டும் கொழந்தைகளைப் பாத்துக்கறேன்."

அவன் பேனா அந்தரத்திலேயே நின்றது.

பீளமேட்டில் அந்த வீட்டுக்குப் பதினோரு குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. டெலிபோன் ஆபீசுக்கும் பம்ப் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு, இருட்டும் முன்னே வந்து அழைத்துப் போவார்கள். கணவர் சுந்தரராஜுலு வேலை பார்த்த மில்லைப் பூட்டிய பிறகு, குடும்பம் ஓடியது இந்தக் குழந்தைகளால்தான்.

போன மாதம் அடுத்த வீதியில் கேஸ் கசிந்து ஒரு சமையலறை எரிந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டன. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வையுங்கள் அக்கா, எங்களுக்கும் தைரியமாக இருக்கும் என்று மற்ற அம்மாக்களின் சார்பில் சாஜிதா பேகம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சரி, ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும் என்றுதான் ராமாமணி நினைத்திருந்தாள்.

'குடியிருப்பு மட்டும்' என்று எழுதினால், நாளைக்கு ஏதாவது நடந்தால் கம்பெனி கை விரித்துவிடுமாம். 'தொழில் நடக்கும் இடம்' என்று எழுதினால், வீட்டுக்கான இந்தப் பாலிசியே கிடையாதாம். கடைக்கு எடுப்பதுபோல் எடுக்கலாமா என்று கேட்டாள். அதில் சரக்கு என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம்.

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொழந்தைகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"இது செவுத்துக்கும் சாமானுக்கும்தானுங்க."

சுவரைப் பற்றி இங்கே யார் கவலைப்பட்டார்கள்?

கோபாலசாமி எழுந்து, உள்ளே பார்க்கலாமா என்று கேட்டான். கேஸ் ட்யூபை மோந்து பார்த்தான். பிளக் பாயிண்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஜாண் வைத்து அளந்தான். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்க முடிகிறதா என்று பார்த்தான். இதெல்லாம் கம்பெனி விதியாக இருக்கும் என்று அவள் கூடவே நடந்தாள்.

பிறகு தொட்டில் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

பால் புட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவீர்களா, வெறுமனே கழுவுவீர்களா என்று கேட்டான். மத்தியானம் தூங்காத குழந்தையை என்ன செய்வீர்கள்? இரண்டு ஒரே நேரத்தில் அழுதால் எதை முதலில் தூக்குவீர்கள்?

தீப்பிடிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"சின்னதைத்தானுங்க. பெருசு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், அப்பறமா சமாதானம் பண்ணிக்குவேன்."

அவன் தலையாட்டினான். ஆனால் விண்ணப்பத்தில் எதையும் எழுதவில்லை. லாஸ்யா என்ற இரண்டு வயதுக் குட்டி வந்து அவன் பேனா மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவன் திருப்பிக் கேட்கவும் இல்லை.

கடைசியில் விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"இந்தப் பாலிசி தர முடியாதுங்க. பொய் எழுதிப்போட்டா உங்களுக்குத்தான் சிரமம். கொழந்தைகளையும் சேத்தி வேற ஏதாச்சும் இருக்குதான்னு பெரிய ஆபீசுல கேட்டுச் சொல்றனுங்க."

ராமாமணிக்குக் கோபம் வந்தது. சாஜிதா பேகத்திடம் என்ன சொல்வது என்ற பயமும் வந்தது.

"தர முடியாதுன்னா, அப்பறம் எதுக்குங்க தொட்டிலைக்கூட இழுத்துப் பாத்தீங்க?"

அவன் வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அது ஆபீசுக்கு இல்லீங்க. நான் பாக்கற அஞ்சாவது ஊடு இது. திங்கக்கெழமை எம்பொண்ணக் கொண்டாந்து உடட்டுங்களா? பத்து மாசம் ஆச்சு."

அவளுக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. இந்த வீட்டை நம்பி ஒரு காகிதம் தர முடியாதாம். பிள்ளையைத் தருகிறானாம்.

புதுக் குழந்தை வரும்போதெல்லாம் சொல்வதையே சொன்னாள். "அவங்கம்மாவ ஒருநா வரச் சொல்லுங்க. என்ன குடுக்கோணும், எப்பத் தூங்கும்னு கேட்டுக்கறேன்."

கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து அவன் மறுபடியும் கட்டினான்.

"என்னையே கேளுங்க."

பிறகு அவனே சொன்னான். புட்டி வேண்டாம், சங்கில்தான் குடிக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் போட்டால்தான் தூங்கும். நடுவில் சிணுங்கினால் தூக்கக்கூடாது, முதுகில் மெதுவாகத் தட்டினால் போதும். எங்கேயாவது பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டால் விழித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்க்கும். அப்போது மட்டும் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை வருஷத்தில் எந்த அப்பாவும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை.

ராமாமணி அதன் பிறகு குழந்தையின் பெயரை மட்டும் கேட்டாள்.