காலைக் கவனியுங்கள்

எங்கள் முதலாளிக்குத் திடீரென்று எங்கள் கால்கள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் அக்கா போன வாரம் நின்றபடியே மயங்கி விழுந்ததை யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்களாம்.

காலையில் கடை திறக்குமுன் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்.

"நாள் முழுக்க நிக்கிறவங்க இறுக்கமான செருப்பு போடக் கூடாது. ஒரே கால்ல பாரத்தைப் போடாம மாத்தி மாத்தி நிக்கணும். வீட்டுக்குப் போனதும் வெந்நீர்ல காலை வைக்கணும்."

என் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. வாய் சும்மா இருக்குமா?

"சார், நடுவுல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கலாமா?"

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு இங்க நாற்காலி எங்கம்மா இருக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் சமாளித்தாள்.

பத்து நிமிடம் நின்றதில் அவருக்கே கால் கடுத்துவிட்டது போலும். தாளை என் கையில் திணித்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

கடைக் கதவைத் திறந்ததும் வயதான ஒருவர் உள்ளே வந்தார். மூன்று மாடியையும் அண்ணாந்து பார்த்து மலைத்துப்போனார்.

"ஏம்மா, கடை முழுக்க நாற்காலியா அடுக்கி வச்சிருக்கீங்களே! இதுல எது உட்கார சுகமா இருக்கும்?"

பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு சிரித்தேன்.

"நீங்கதான் சார் உட்கார்ந்து பார்த்துட்டு எனக்குச் சொல்லணும்."