ஃபுளோராவின் கணக்கு

'12.8.1999. வகுப்பில் சாரை எதிர்த்துப் பேசிவிட்டேன். தவறு' என்று பொற்கொடி டைரியில் எழுதினாள்.

காந்திபுரத்து அனிமேஷன் மாலை வகுப்பில், கிருபாசங்கர் சார் இன்டர்நெட் குழு ஒன்றில் வந்த கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வந்து படித்தார். மணலால் வரைந்து எடுத்த ஓர் அபூர்வ அனிமேஷன் படத்தைப் பற்றியது அது.

"நொடிக்கு இருபத்துநாலு படம் வரைஞ்சிருக்காங்க."

"பன்னெண்டுதானுங்க சார்," என்றாள் பொற்கொடி. "ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேமராவுல எடுத்திருக்காங்க."

"எழுதுனது ஃபுளோராங்கிற வெள்ளக்காரம்மா. பொள்ளாச்சி பஸ்ஸுல வந்து எறங்கற நீ அவிங்களுக்கே பாடம் எடுக்கறயா அம்மணி?"

வகுப்பே சிரித்தது.

"நாளைக்குப் பரீட்சையில இருபத்துநாலுன்னு எழுதலீன்னா சர்டிபிகேட் கெடையாது, பாத்துக்க."

பொற்கொடி உட்கார்ந்தாள். சொந்தப் பெயரில் அனுப்பிய நாலு கட்டுரைகளை அந்தக் குழுவில் ஒருவரும் சீண்டவில்லை. ஐந்தாவதை ஃபுளோரா என்ற பெயரில் அனுப்பினாள். அதில் பன்னிரண்டை இருபத்துநாலு என்று கணக்கில் தப்பு விட்டிருப்பது நேற்றுத்தான் அவளுக்கே தெரிந்தது.

டைரியில் கடைசியாக எழுதினாள்: 'நாளை, பரீட்சைக்கு முன் பிரவுசிங் சென்டர் போக வேண்டும். ஃபுளோராவைக் கொண்டு சாருக்குப் பன்னிரண்டு என்று திருத்தி மெயில் போட வைக்க வேண்டும்.'