பின் இருக்கை

ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே விழும் காலை வெயிலில் புதிய பிக்கப் வண்டி கண்ணைக் கூசவைக்கிறது. வால்டெசி வீட்டிலிருந்து தூக்கிவந்த காலி சீஸ் பெட்டியைச் சரக்கேற்றும் பின்தட்டில் நகர்த்தி நகர்த்தி அளக்கிறான். பழைய வண்டியில் பன்னிரண்டு பெட்டி ஏறும். இதில் எட்டுதான். "தட்டு ஏன் தம்பி இப்படிக் குட்டையாப் போச்சு?" என்கிறான். "பின் சீட்டு வந்துடுச்சுல்லண்ணே," என்கிறான் விற்பனையாளன் எவர்ட்டன். "அந்தச் சீட்டு எனக்கு வேணாம். எடுத்துட்டு விலையக் குறைச்சுக்க." "ரெண்டு கதவு வண்டிய நிறுத்திட்டாங்கண்ணே. இதுவே போன மாசத்தவிட ஆறாயிரம் ரெயால் வெல ஏறிக் கெடக்கு. விட்டா இன்னும் ஏறும்." வால்டெசி பெட்டியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறான். மகன் வாக்னர் உயிரோடு இருந்தவரை அப்பா, அம்மா, அவன் மூவரும் முன் இருக்கையில் இடித்துக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்கள். பின் சீட்டு வைத்த வண்டி வாங்குப்பா என்று அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பான், அப்போது கட்டுப்படியாகவில்லை. வால்டெசியின் மனைவி ஸுலெய்தே பின்கதவைத் திறந்து ஏறுகிறாள். இருக்கையின் பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது. முழங்கால்களைச் சேர்த்து, கைப்பையை மடியில் இடுக்கி, கதவோரமாக ஒடுங்கி உட்காருகிறாள். "நல்லா தள்ளி உக்காருங்கக்கா, பக்கத்துல யாரு இருக்கா," என்று எவர்ட்டன் சிரிக்கிறான். பெட்டியைத் தேய்க்கும் வால்டெசியின் கை நின்றுவிடுகிறது. ஸுலெய்தே கதவோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறாள்.