நனையாத இடம்

கார் விபத்தில் என் கணவர் குணசீலன் இறந்தார். பக்கத்தில் இருந்த நான் பிழைத்தேன். பிறகுதான் அவருடைய கார் காப்புறுதி செல்லாது, விற்ற முகவரே போலி என்று தெரிந்தது.

"மலிவா கிடைச்சா தெரிஞ்சேதான் வாங்கியிருப்பான்," என்றார் அவர் அண்ணன்.

தெரிந்தே என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டினாரா? எனக்கு அது தெரிந்தால் போதும்.

மழைநாளொன்றில், பார்த்தாலே போலி என்று தெரியுமா எனக் கேட்க, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்குப் பத்திரத்தோடு மாடியேறினேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மறுபடியுமா ஆன்ட்டி? இப்பதானே அங்கிள் காட்டிட்டுப் போனார்."

"எந்த அங்கிள்?"

"உங்க ஹஸ்பண்ட் லா. போலின்னு சொன்னதும் அப்படியே உக்காந்துட்டார். 'இதை நம்பியா அவளை ஏத்திக்கிட்டுப் போனேன்'னு கேட்டார், பாவம். கீழ கார்ல வெயிட் பண்றாராம்."

இறங்கி வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே கார் நிறுத்தும் இடமொன்று காலியாக இருந்தது. சுற்றிலும் தண்ணீர் ஓட, அங்கே மட்டும் ஒரு கார் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

குடையை மடக்கிவிட்டு அதற்குள் போய் நின்றேன், இடது பக்கம், எப்போதும் நான் உட்காரும் இடத்தில்.

ஒரு துளிகூட விழவில்லை.